மேவிஸ் இல்ல, மத்தவ

இல்ல தம்பி, நான் அவ இல்ல. மத்தவ.

ஆமா, அதே மூக்குதான். அதே மோவாய்தான். எல்லாம் சரிதான், ஆளுதான் வேற. நீ சொல்றது மேவிஸ் லாங்டன். நான் ஹாரியட் கோல்பி. கேள்விப்பட்டதில்லையா? பரவால்லப்பா, மூஞ்சியத் தொங்கப் போடாதே. அறுபது வருஷமா இதே கூத்தப் பாத்துப் பழகிப் போச்சு எனக்கு. முதல்ல கண்ணு பெருசாகும், அப்புறம் வாய் தொறக்கும், நான் அவ இல்லேன்னதும் எல்லாம் அப்படியே இறங்கிடும். சரி, டாக்ஸி ஓட்டறவன் நீ, கண்ணாடியில என்னப் பாக்கறத விட்டுட்டு ரோட்டப் பாரு. சைக்கிள்காரன் குறுக்க வர்றான்.

ஒம்பதாம் அவென்யூல நேரா போ. நாப்பத்தாறாம் தெரு வந்ததும் இடது பக்கம் திருப்பு. ஆறே முக்காலுக்கு நான் அங்க இருந்தாகணும். அதுக்கு மேல போனா ஒரு பிரயோஜனமும் இல்ல, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

ஷோவா? இல்ல இல்ல, இன்னிக்கு எனக்கு ஷோவெல்லாம் கிடையாது. அங்க ஒரு நாடகக் கொட்டகை முதலாளி எனக்கு ஒரு வாக்குக் குடுத்திருக்கான். அதக் காப்பாத்தறானா இல்லையான்னு என் கண்ணால நான் பாக்கணும். காப்பாத்தலேன்னு வச்சுக்கோ, நடுத்தெருவுல நின்னு அவன் மானத்த வாங்கிட்டுத்தான் வருவேன். உடம்புல மத்ததெல்லாம் போச்சு, குரல் போகல. மைக்கே வேணாம், பால்கனியில கடைசி வரிசைக்காரன் தூங்கிட்டிருந்தாலும் எந்திரிச்சுடுவான்.

அய்யய்யோ, அப்படியெல்லாம் நல்லபடியா நடக்கட்டும்னு சொல்லாதப்பா! நாடகக்காரங்ககிட்ட அப்படி வாழ்த்தக் கூடாது. அது எங்களுக்கு அபசகுனம். மேடை ஏறப் போறவகிட்ட, போயி காலை ஒடிச்சுக்கோன்னுதான் சொல்லணும். சிரிக்காதே, நிஜமாத்தான். கெட்டது சொன்னா நல்லது நடக்குமாம். நானும் மேவிஸுக்கு தினம் சாயங்காலம் சொல்லியிருக்கேன், ஒரு நாள் விடாம. என்ன, மத்தவங்க வாய் வார்த்தைக்குச் சொல்வாங்க, நான் மனசாரச் சொன்னேன்.

அது ஒரு கதை. கேக்கறியா? சிக்னல்ல எப்படியும் நிக்கத்தானே போறோம்.

நான் ஒஹையோவுலேர்ந்து பஸ் பிடிச்சு இந்த ஊருக்கு வந்தவ. எங்கப்பா டயர் கம்பெனியில வேலை. நடிகையாகப் போறேன்னு சொன்னதுக்கு, சரி, குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கோன்னார், அவ்வளவுதான். வந்த புதுசுல ஒரு நாடகத்துக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு ஓடினேன். வராண்டாவுல வரிசையா பொண்ணுங்க. எனக்கு முன்னாடி ஒருத்தி நிக்கறா. அதே முடி, அதே உயரம், அதே நீல கவுனு. ரெண்டு பேரும் ஒரே கடையில தள்ளுபடியில எடுத்திருக்கோம். அவ திரும்பி என்ன ஏற இறங்கப் பாத்துட்டு, நீ எவ்வளவுக்கு எடுத்தேன்னு கேட்டா பாரு. பேரு கேக்கல, ஊரு கேக்கல. அதான் மேவிஸ்.

வேஷம் என்ன தெரியுமா? வேலைக்காரி. ஒரே ஒரு வரி. அம்மா, டாக்டர் வந்துட்டாரு. அதுக்குத்தான் அத்தன கூட்டம். அவளுக்குக் கிடைச்சுது. எனக்கு என்ன கிடைச்சுதுன்னா, அவளுக்குப் பதில் ஆளு. அதாவது அவளுக்கு ஜுரம் கிரம் வந்தா, இல்ல எங்கயாவது விழுந்து கிழுந்து வச்சா, அவ வேஷத்தப் போட்டுக்கிட்டு நான் மேடை ஏறணும். அதுவரைக்கும் பின்னாடி ஒரு முக்காலி போட்டு உக்காந்திருக்கணும். எங்கப்பா சொன்ன ஸ்வெட்டர் பத்தாதுன்னு அங்கயே உக்காந்து இன்னும் நாலு பின்னினேன்.

அவளுக்கு ஜுரம் வந்துச்சாங்கறியா? எங்க வந்துது! குதிரை மாதிரி உடம்பு. ஊரே சளியும் இருமலுமா கெடக்கும், இவ மட்டும் ஆப்பிளக் கடிச்சுக்கிட்டு வந்து நிப்பா. நடு ஜனவரியில நான் போயி ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்துப் பாத்தேன். ரசிச்சுத் தின்னுட்டு, ஹாரியட், உன்ன மாதிரி நல்ல மனசுக்காரிய நான் பாத்ததே இல்லன்னா. எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னா, கழுத. கடைசி நாள், கடைசிக் காட்சி முடிஞ்சு, திரை விழுந்து, ஜனமெல்லாம் கோட்டு மாட்டிக்கிட்டுக் கெளம்பினப்புறம், பின்பக்கப் படியில வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா. அப்பவும் ஆம்புலன்ஸ்ல படுத்துக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? ஹாரியட், உன் வாழ்த்து பலிச்சிடுச்சு, கொஞ்சம் லேட்டாயிடுச்சுன்னா.

அந்தக் கொட்டகைதான் தம்பி, நாம இப்பப் போறது. மூலைக் கொட்டகை.

என்ன இது, இங்கயே நிக்குது? லாரிக்காரன் ரோட்டுல குறுக்க நிறுத்தி சோபா இறக்கறானா? நல்லா இறக்கட்டும். ஹாரனை அடி. நல்லா அடி, நான் பொறுப்பு.

சினிமாவா? அதுவும்தான். அவளத்தான் முதல்ல கூப்பிட்டாங்க கலிஃபோர்னியாவுக்கு. அவளுக்கு ஒரு தங்கச்சி வேஷம் தேவைப்பட்டுது, மூஞ்சி ஒத்துப்போகணும்னு என்னையும் இழுத்துட்டுப் போனாங்க. படம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே நான் செத்துடுவேன். அதுலேர்ந்து எனக்கு அதுவே தொழிலாப் போச்சு. தண்ணியில முழுகிச் செத்திருக்கேன், ரயில்லேர்ந்து தள்ளிவிட்டுச் செத்திருக்கேன், காசநோய்ல செத்திருக்கேன், கல்யாணத்தன்னிக்கு துப்பாக்கியால சுட்டுச் செத்திருக்கேன். எங்கம்மா ஒவ்வொரு படமும் முதல் பாதி மட்டும் பாத்துட்டு வீட்டுக்கு வந்துடுவாங்க.

அந்த முதல் படத்துல நான் கட்டில்ல பொணமாக் கெடக்கேன். மேவிஸ் என் கால்மாட்டுல உக்காந்து விக்கி விக்கி அழறா. கேமரா அவ மூஞ்சிக்குப் பக்கத்துல இருக்கு. யாருக்கும் தெரியாம போர்வைக்குள்ள கைய விட்டு என் உள்ளங்கால்ல சுரண்டறா! கண்ணுல தாரை தாரையாத் தண்ணி, கை மட்டும் கீழ அந்த வேலையப் பாக்குது. நான் சிரிச்சுட்டேன். மறுபடி எடுத்தாங்க, மறுபடி சிரிச்சேன். டைரக்டர் காட்டுக் கத்தா கத்தறாரு, பொணம் சிரிச்சா நான் என்னய்யா பண்றதுன்னு. இவ ரொம்ப மரியாதையா எழுந்து, சார், அவளுக்கு அனுபவம் பத்தாது, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னா. கொலை பண்ணியிருக்கலாம் நான் அவள.

என்ன, உன் வீட்டுக்காரிகிட்ட நான் போன்ல பேசணுமா? அதெல்லாம் மாட்டேன்ப்பா. அவங்க பாத்தது எந்தப் படம்? ஆங், அந்த விதவைப் படமா? அது அவதான், நான் அதுல இல்ல. எங்க பாத்தாங்க? உங்க ஊரு குமாசியிலயா? வெளிச்சுவத்துல துணி கட்டி ஓட்டினாங்களா? பாரேன்! நல்லா நடிச்சிருப்பா அதுல. எனக்கே அழுகை வந்துது. கோபமும் வந்துது, ஏன்னா அந்த வேஷத்துக்கு நானும்தான் போயி வசனம் பேசிக் காட்டினேன்.

பொறாமையா? இல்லாம என்ன! நல்லாவே இருந்தது. நான் என்ன சாமியாரா? ஒரே வேஷத்துக்கு ரெண்டு பேரும் போவோம், அவளுக்குக் கிடைக்கும். அவ வேணாம்னு ஒதுக்கினது எனக்கு வரும். அவ எச்சில் தட்டுல நான் சாப்பிடறேன்னு ஒரு பத்திரிகைக்காரன் எழுதியே எழுதினான். ஒரு ராணி வேஷத்துக்காகச் சண்டை போட்டு மூணு வருஷம் பேசாமகூட இருந்திருக்கோம். அப்புறம் ஒரு நாள் அவளே போன் பண்ணி, ஏண்டி, யாரத் திட்டறதுன்னே தெரியாம நாக்கு அரிக்குது, வந்து தொலைன்னா. போனேன்.

அந்த வருஷாந்திர நாடகப் பரிசு இருக்கே, அதுல ஒரு வருஷம் ரெண்டு பேர் பேரும் இருந்தது. நான் அக்கம் பக்கமெல்லாம் சொல்லி, புதுசா ஒரு உடுப்பு தச்சு, பேசறதுக்குக்கூட தயார் பண்ணி வச்சிருந்தேன். மேவிஸ் லாங்டன்னு படிச்சாங்க. சரி, கை தட்டினேன். மறுநாள் பேப்பரத் தொறந்தா, மேவிஸ் லாங்டனுக்குப் பரிசுன்னு கொட்டை எழுத்து, கீழ என் போட்டோ! பல்லெல்லாம் தெரிய நான் சிரிச்சுட்டு நிக்கறேன். கண்ணாடி போட்டு குளியலறையில மாட்டி வச்சிருக்கேன். மேவிஸ் என் வீட்டுக்கு வந்தா அதுக்கு முன்னாடி நின்னு, பரிசு வாங்கின அன்னிக்கு நான் எவ்வளவு அழகா இருந்திருக்கேன் பாருன்னுவா.

நீ மத்தியான சீரியல் பாப்பியா? உன் வயசுக்குப் பாத்திருக்க மாட்டே. எனக்கு நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல சினிமாவுல மூணே மூணு வேஷம்தான் இருந்தது. அம்மா, ஜட்ஜு, பொணம். அதனால சீரியலுக்குப் போனேன். பணக்கார வீட்டு மாமியார். மருமகளப் பைத்தியம்னு முத்திரை குத்தி ஆஸ்பத்திரியில அடைப்பேன், பேரனத் திருடுவேன், புருஷன் காப்பியில எதையாவது கலப்பேன். வருஷக்கணக்கா ஓடுச்சு. ஊர்ல இருக்கற மருமகளெல்லாம் என்னக் கரிச்சுக் கொட்டினாங்க.

ஒரு நாள் மேவிஸ் காய்கறி வாங்கக் கடைக்குப் போயிருக்கா. ஒரு வயசான அம்மா பின்னாடியே வந்து, கையில இருந்த நீட்டு ரொட்டியால அவ தலையில மடேர்னு அடிச்சு, அந்தப் பச்சப் புள்ளயத் திருடறியே, உனக்கு நல்ல சாவு வருமாடின்னு கேட்டிருக்கா. வேற ஒருத்தியா இருந்தா என்ன சொல்லியிருப்பா? அது நான் இல்லம்மா, ஹாரியட்டுன்னு சொல்லியிருப்பா. இவ என்ன பண்ணா தெரியுமா? கை கூப்பி, தப்புதாம்மா, அடுத்த வாரம் புள்ளயத் திருப்பிக் குடுத்துடறேன்னு சொல்லி, அந்த ரொட்டி சுத்தின காகிதத்துலயே ஹாரியட் கோல்பின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டா! அந்தம்மா அப்படியே உருகிப் போயி ரொட்டியையும் இவகிட்டயே குடுத்துட்டாளாம். அத எடுத்துட்டு நேரா என் வீட்டுக்கு வந்தா. ரெண்டு பேரும் வெண்ணெய் தடவித் தின்னோம்.

அதுலேர்ந்து அவளுக்கு அது ஒரு விளையாட்டு. யாராவது ஹாரியட்டான்னு கேட்டா, ஆமான்னுடுவா. ஏர்போர்ட்டுல, ஆஸ்பத்திரியில, ஒரு தடவ எவன் வீட்டுக் கல்யாணத்துலயோ என் பேரச் சொல்லி பாட்டுகூடப் பாடிட்டு வந்திருக்கா. கேவலமாப் பாடுவா, என் பேரு கெட்டுது. ஆனா நான் மாட்டேன். ஒரு தடவகூட அவ பேரச் சொல்லிக்க மாட்டேன். இல்ல, நான் அவ இல்ல, மத்தவன்னு முகத்துக்கு நேராச் சொல்லிடுவேன், உங்கிட்டச் சொன்ன மாதிரி.

ஏன்னா என்னத்தச் சொல்ல. வேஷம் அவளுது, பரிசு அவளுது, மூஞ்சிகூட அவளுதுன்னுதான் ஊரு நெனைக்குது. எனக்குன்னு மிச்சம் இருந்தது பேரு ஒண்ணுதான். அதையும் விட்டுக் குடுத்துட்டா நான் எதுக்கு ஒஹையோவுலேர்ந்து பஸ் ஏறி வந்தேன்? அவ கெஞ்சுவா. ஒரே ஒரு தடவ ஆமான்னு சொல்லிப் பாரேன் ஹாரியட், நாக்கு என்ன தேஞ்சா போயிடும், உனக்காக நான் எத்தன அடி வாங்கியிருக்கேன்னு. முடியாதும்பேன். கல்நெஞ்சக்காரின்னுவா. ஆமாம்பேன்.

அதனாலதான் தம்பி, உன் வீட்டுக்காரிகிட்ட போன்ல பேச மாட்டேன்னு சொன்னேன். அவங்க மேவிஸுன்னு நெனச்சு ஆசையாப் பேசுவாங்க. நான் இல்லேன்னு சொல்லணும். அந்த மூஞ்சி தொங்கறது போன்லயே எனக்குக் கேக்கும்.

திரும்பு, திரும்பு, இதான் நாப்பத்தாறு. மணி என்ன? ஆறரையா? அடக் கடவுளே, இந்தத் தெருவு ஏன் இப்படி அடைச்சுக்கிட்டுக் கெடக்கு?

என்ன, தொப்பியா? நல்லா இருக்கா? இந்தக் கிழவிக்கு இவ்வளவு பச்சையா ஒரு தொப்பின்னு பாக்கறியா? இது அவளுது. ஒரு நாள் காத்தடிச்சுதுன்னு கடன் வாங்கிப் போட்டுக்கிட்டு ஒருத்தனப் பாக்கப் போனேன். தொப்பியப் பாத்து மயங்கி அவன் என்னக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். தொப்பி நிலைச்சுது, அவன் நிலைக்கல. வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேப்பா, எங்கடி என் தொப்பின்னு. தேடித் தரேன், தேடித் தரேன்னு முப்பது வருஷம் ஓட்டிட்டேன்.

அவளா? எப்படி இருக்காளா? அவளுக்கென்னப்பா, இனிமே என்ன கவலை அவளுக்கு.

ரெண்டு பேரும் சேந்து கடைசியா ஒரு நாடகம் போட்டோம். இதே தெருவுலதான். வயசான அக்கா தங்கச்சி, ஒரே வீடு, சதா சண்டை. வேஷம் கட்டவே வேணாம், அப்படியே போயி நின்னாப் போதும். ஒரு நாள் நல்லா விறுவிறுப்பான இடம். அவ என்னப் பாத்து, அப்பா சாகும்போது நீ எங்கடி இருந்தேன்னு கேக்கணும். கேக்கல. பாத்துட்டே நிக்கறா. கண்ணப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு, வசனம் மறந்துடுச்சு.

எனக்கு ஒரு பழக்கம் தம்பி. அந்த முக்காலியில உக்காந்த காலத்துலேர்ந்து வந்த பழக்கம். எந்த நாடகமா இருந்தாலும் என் வசனத்தோட அவ வசனத்தையும் சேத்துப் படிச்சுடுவேன். படிக்காம இருக்க வராது. அதனால சொன்னேன், நீ கேக்க மாட்டே, உனக்கு ரோஷம், ஆனா என்ன கேக்க நெனைக்கறேன்னு எனக்குத் தெரியும், அப்பா சாகும்போது நான் எங்க இருந்தேன்னுதானே, சொல்றேன் கேட்டுக்கோன்னு நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிட்டேன். அன்னிக்குப் பாத்து விமர்சனம் எழுதறவன் வந்திருக்கான். மறுநாள் என்ன எழுதியிருக்கான்னா, மேவிஸ் லாங்டனின் அந்த மௌனம் இந்த வருஷத்தின் தலைசிறந்த நடிப்பாம்! கத்திக் கத்தித் தொண்டை வறண்டவ நான். பேரு, பேசாம நின்னவளுக்கு!

அடுத்த நாளிலேர்ந்து அந்த வரி நல்லா ஞாபகம் இருந்தும் சொல்ல மாட்டேனுட்டா. நீயே கேட்டுக்கோடி, எனக்கு இதுல நல்ல பேரு வருதுன்னா. நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே.

அப்புறம் வேற வரி போச்சு. அப்புறம் இன்னொண்ணு. முதல்ல விளையாட்டுக்குத்தான் பண்றான்னு நெனச்சேன். நாடகம் ஓடி முடியற சமயத்துல முக்கால்வாசி நானே ரெண்டு பேருக்கும் பேசிட்டிருந்தேன். அவ நிப்பா, சிரிப்பா, என் கையப் பிடிச்சுப்பா. ஜனங்க எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க.

அதுக்கப்புறம் அவ நடிக்கல. ஆத்தோரமா ஒரு முதியோர் ஹோம்ல இருந்தா. நல்ல இடம், ஜன்னலத் தொறந்தா தண்ணி தெரியும். வாரா வாரம் போவேன். முதல்ல என் பேரு இருந்தது அவளுக்கு. அப்புறம் பேரு போச்சு, ஆளு மட்டும் இருந்தது. ஒரு நாள், இப்பத்தான், இலையெல்லாம் உதிர ஆரம்பிச்ச சமயம், உள்ள போறேன், அவளுக்குக் கண்ணு பெருசாச்சு. வாய் தொறந்துது. அந்த மூஞ்சிய எனக்குத் தெரியாதா? கைய இப்படி நெஞ்சுல வச்சுக்கிட்டு, ரொம்பக் கூச்சமா, மன்னிச்சுக்கோங்க, நீங்க மேவிஸ் லாங்டன்தானேன்னு என்னக் கேட்டா. எனக்கு ஒரு கையெழுத்து போட்டுத் தருவீங்களான்னா.

நான் என்ன சொன்னேனா? இரு, மணி என்ன? ஆறு நாப்பத்து நாலா! நிறுத்து, இங்கயே நிறுத்து. இனிமே நகந்தாலும் நகராட்டியும் ஒண்ணுதான், இங்கிருந்தே எல்லாம் தெரியுது. கண்ணாடிய இறக்கு. குளிருதா? குளிரட்டும். அதோ பாரு, வரிசையா எத்தன லைட்டு. அந்த மூலையில சிவப்பா மின்னுதே, அதான் நான் சொன்ன கொட்டகை. கண்ண எடுக்காமப் பாத்துட்டே இரு.

ஆங்! பாத்தியா? அந்தப் பெரிய கொட்டகை அணைஞ்சுது. பக்கத்துல இருக்கறதும் போச்சு. எதிர்ப்பக்கம் பாரு, ஒண்ணு, இன்னொண்ணு... மூலையில இருக்கறவன் இன்னும் அணைக்கலயே. அடப்பாவி. வாக்குக் குடுத்தானே. போன்ல அத்தன தடவ தலையில அடிச்சு சத்தியம் பண்ணானே. கதவத் தொறப்பா, நான் இறங்கறேன். இன்னிக்கு அவன நான்... இரு. இரு இரு. அணைஞ்சுது! அணைச்சுட்டான்! கெட்டிக்காரன். இல்லேன்னா இந்தத் தெருவே கேட்டிருக்கும்.

கரண்டு போகல தம்பி. பயப்படாதே. இது எங்க வழக்கம். எங்க ஆளு யாராவது போயிட்டா, ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கொட்டகை லைட்ட அணைப்பாங்க. யாருக்கு எத்தன கொட்டகைன்னு முதலாளிங்க கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்க. இவளுக்கு ஏதோ கொஞ்சம்தான்னு சொன்னாங்க, ரொம்ப வருஷமா நடிக்கலயாம். விடுவேனா? எல்லாக் கொட்டகையும் அணைஞ்சாகணும்னு ஒவ்வொருத்தனையும் போன்ல பிடிச்சு உலுக்கிட்டேன். அந்த மூலைக்காரன்தான் கடைசி வரைக்கும் இழுத்தான்.

யாருக்கா? மேவிஸுக்குத்தாம்ப்பா. செவ்வாய்க்கிழமை.

நான் பக்கத்துலதான் இருந்தேன். போர்வைக்குள்ள கைய விட்டு உள்ளங்கால்ல சுரண்டிப் பாத்தேன். அசையவே இல்ல. அதுலயும் அவதான் என்னைவிட நல்லா நடிச்சா.

அட, நீ எதுக்குப்பா அழறே? துடை, துடை. எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருந்தது. யாரு முன்னாடி போனாலும், மத்தவ வந்து நின்னு எல்லா லைட்டும் அணையுதான்னு பாக்கணும், ஒண்ணு எரிஞ்சாலும் கல்ல விட்டெறியணும்னு. கைப்பையில நெஜமாவே ஒரு கல்லு வச்சிருக்கேன், இந்தா பாரு. தேவைப்படல. தொப்பியையும் கொண்டாந்து காட்டிட்டேன். கணக்கு சரியாப் போச்சு.

போன் அடிக்குது பாரு. உன் வீட்டுக்காரிதானே? எடுக்காம ஏன் முழிக்கறே? என்ன சொல்றதுன்னா? ஒண்ணும் சொல்ல வேணாம். நான் என்ன சொன்னேன்னு கேட்டியே, அந்த ஹோம்ல. ஆமான்னேன். ஆமாம்மா, நான் மேவிஸ் லாங்டன்தான்னேன். கையெழுத்தும் போட்டேன். நாக்கு தேயல. அவ அத ரெண்டு கையாலயும் வாங்கி, பக்கத்துல இருந்த நர்ஸுகிட்ட காட்டி, பாத்தியா, மேவிஸ் லாங்டன் என்னப் பாக்க வந்திருக்கான்னா. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

குடு போன.

ஹலோ? யாரு, அபேனாவா? ஆமாம்மா. ஆமாம்மா, மேவிஸ் லாங்டன்தான் பேசறேன். அந்த விதவைப் படமா, பாத்தியா, அழுதியா? நல்ல பொண்ணு. நானா? நல்லா இருக்கேன்மா, ஒரு குறையும் இல்ல. என்னது? டிவியில சொன்னாங்களா? அவங்களுக்கு எப்பவும் இதே வேலைதான், போட்டோவ மாத்திப் போடறது, பேர மாத்திப் போடறது. அதையெல்லாம் நீ நம்பாதே. சரிம்மா, நான் வைக்கட்டுமா? லைட்டு வந்துடுச்சு. உள்ள கூப்பிடறாங்க.